கொம்புள்ளதும் கொம்பில்லாததும்

தக்காளி, கத்தரிக்காய், மிளகாய், உருளைக்கிழங்கு நான்கையும் ஃப்ரிட்ஜின் ஒரே தட்டில் அடுக்கிவிட்டு, கேரட்டைத் தூக்கிக் கொத்தமல்லிக் கட்டின் மேல் படுக்கவைக்கிறார் வண்டு மேடம். வெள்ளரி, பூசணி, தர்பூசணி ஒரு வீடு. வெங்காயமும் பூண்டும் ஒரு வீடு. பட்டாணிக்குப் பக்கத்தில் வேர்க்கடலை. காய்கறிப் பை வீட்டுக்குள் வந்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இதைச் செய்து முடித்தால்தான் அவருக்கு மூச்சு சீராகும். உருளைக்கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்று கணவர் சொல்லிப் பார்த்தாயிற்று. "கூடப் பிறந்ததுங்களைப் பிரிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

கணவர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். வரிசையில் நிற்கவைப்பது அவருக்கும் தொழில்தான், ஆனால் உயரத்தைப் பார்த்து நிற்கவைக்கிறவர். "கேரட் எங்கே?" என்று அவர் அடுக்களையில் நின்று கத்தினால், "அது சொந்தக்காரங்க வீட்ல இருக்கு, கொத்தமல்லியைத் தூக்கிப் பாருங்க" என்று பதில் வரும். ஊரில் மற்றவர்கள் உபயோகம் பார்த்துப் பொருளை அடுக்குவார்கள். வண்டு மேடம் உறவு பார்த்து அடுக்குவார்.

அவருக்கு வேலை அருங்காட்சியகத்தில். சனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற யானை எலும்பும் திமிங்கிலத் தாடையும் கீழ்த்தளத்தோடு சரி. மேல்தளத்தில், லிப்ட் எட்டாத மூலையில், சுவர் முழுக்க மர இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஊசி குத்திய வண்டுகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வோர் ஊசியிலும் வண்டுக்குக் கீழே அரிசி நீளத்துக்கு ஒரு சீட்டு: எங்கே பிடித்தது, யார் பிடித்தது, என்ன பெயர். பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை போட்டுப் போட்டு, அந்த வாசனை மேடத்தின் உடம்பிலேயே ஊறிவிட்டது. மாடி வீட்டில் இருக்கும் ஓரகத்தியின் பிள்ளைகள் எங்கே துணி அலமாரியைத் திறந்தாலும் "பெரியம்மா வாசனை" என்பார்கள்.

எந்த வண்டு என்று யாராவது கேட்டால் "வண்டு" என்று மட்டும் சொல்வார். விடாமல் கேட்டால் "ரீசைக்ளிங் பண்ற வண்டு" என்பார். சாணி வண்டு என்று அவர் வாயிலிருந்து வரவழைப்பதற்குள் கேட்டவருக்குப் பஸ் வந்துவிடும். வெட்கம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வரும் கேள்விகள் எல்லாம் வண்டைப் பற்றி இல்லாமல் சாணியைப் பற்றியே இருக்கும் என்ற அனுபவம்.

பழமொழி சொல்கிறவர்கள் அவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கணவர் ஒரு நாள் பள்ளிக் கால்பந்து அணியின் கதியைச் சொல்லி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று பெருமூச்சு விட்டார். "கழுதை எவ்வளவு தேய்ஞ்சாலும் சின்னக் கழுதைதான். எறும்பா எப்படி ஆகும்? முதுகெலும்பு எங்கே போச்சு?" என்று ஆரம்பித்துவிட்டார் மேடம். கால்பந்து அணி அதோடு மறந்துபோயிற்று.

சாப்பாட்டு மேசையிலும் இதே கதைதான். மீன் வறுவல் தட்டில் விழும்போது, "மீன்னு ஒரு இனமே கிடையாது தெரியுமா?" என்பார். கணவர் வறுவலைக் காட்டி, "அப்ப இது?" என்பார். "சில மீனுங்களுக்குச் சுறாவைவிட நாமதான் நெருங்கின சொந்தம். நம்மளையும் சேர்த்தாத்தான் அது முழுக் குடும்பம். நம்மளை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் மீன்னு சொன்னா, வீட்டை விட்டுப் போன பையன் பேரை அடிச்சிட்டு இதுதான் எங்க குடும்பம்னு சொல்ற மாதிரி." கணவர் கொஞ்ச நேரம் மென்றார். "அப்ப நான் சொந்தக்காரனைத்தான் தின்னுட்டு இருக்கேன்?" "ஒரு கணக்குல, ஆமா." "ருசியாத்தான் இருக்கான்" என்று இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

ஆனால் இந்தக் கிறுக்கு ஒருமுறை குடும்ப மானத்தைக் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். கணவர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் பெரிய மீசையோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். மறைந்த மாமனாருக்கு அச்சாக அதே மீசை. பங்காளி முறையாகத்தான் இருக்கும் என்று ஆளாளுக்கு உபசாரம். மேடம் மட்டும் எதிரே போய் நின்றார். "மீசை பூனைக்கும் இருக்கு. அஞ்சு விரல் பல்லிக்கும் இருக்கு. எல்லார்கிட்டயும் இருக்கறது சொந்தத்துக்குச் சாட்சி ஆகாதுங்க. சுண்டுவிரலைக் காட்டுங்க." கணவர் வம்சத்தில் அத்தனை பேருக்கும் சுண்டுவிரல் நுனி உள்பக்கம் வளைந்திருக்கும். வேறு யாருக்கும் இல்லாமல் ஒரு கூட்டத்துக்கு மட்டும் புதிதாக வந்த அடையாளம் எதுவோ, அதுதான் உறவைக் காட்டும் என்பது அவர் சாஸ்திரம். மீசைக்காரரின் விரல் அளவுகோல் மாதிரி நேராக இருந்தது. விசாரித்ததில், அவர் போக வேண்டிய கல்யாணம் அடுத்த கூடத்தில்.

இப்படிப்பட்டவர்தான் ஏமாந்துபோனார். அதுவும் சொந்தக் குடும்பத்தில்.

மேடத்தின் கணவருக்கு ஓர் அக்கா. மேடத்துக்கு நாத்தனார். கணவரின் தம்பி மனைவிதான் மாடியில் இருக்கும் ஓரகத்தி. நாத்தனாருக்கும் ஓரகத்திக்கும் மாமியார் விட்டுப்போன தையல் இயந்திரம் யாருக்கு என்பதில் மூண்ட சண்டையில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஒரே அறையில் இருந்தாலும், "அவளை அந்தத் தண்ணிச் செம்பைத் தரச் சொல்லு" என்று மேடம் வழியாகத்தான் சேதி போகும். மேடம் இரண்டு பேருக்கும் நடுவே தபாலாபீஸ்.

அந்தக் காலத்தில்தான் மேடம் மலைக்காட்டில் ஒரு புதிய சாணி வண்டைக் கண்டுபிடித்தார். தலையில் வளைந்த இரண்டு கொம்போடு, கறுப்பில் பச்சை மினுக்கத்தோடு அழகான வண்டு. புதிய இனத்துக்குக் கண்டுபிடித்தவர் தம் பெயரையே வைத்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை என்றாலும், அந்தத் தொழிலில் அதைவிட மானக்கேடு கிடையாது. எனவே வேறு யாருக்காவது சூட்ட வேண்டும். "அக்கா பேரை வை" என்றார் கணவர். அக்கா பேரை வைத்தால் மாடியில் இருக்கிறவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று மேடம் கட்டுரையைக் கிடப்பில் போட்டார்.

அப்போது பார்த்து வேறோர் அருங்காட்சியகத்திலிருந்து கடனாக ஒரு வண்டு வந்தது. அதே மலை. கொஞ்சம் சின்னது, கொம்பில்லாதது, பின்னங்கால் ஒன்று உடைந்தது. கடன் கொடுத்தவர்கள் வயிற்றைத் திறந்து பார்க்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். வண்டு ஆணா பெண்ணா என்று வயிற்றைத் திறந்தால்தான் நிச்சயமாகத் தெரியும். மேடத்திடம் இருந்த கொம்புள்ளவை அத்தனையும் ஆண். அப்படியானால் அவற்றின் பெண் எங்கே என்று ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. இரண்டாவதாக ஓர் இனம் கிடைத்தால் வீட்டில் நிம்மதி என்று மனசு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது, கண் அதன் பின்னாலேயே போய்விட்டது. கொம்புள்ளதற்கு நாத்தனார் பெயர், கொம்பில்லாததற்கு ஓரகத்தி பெயர். யாரும் யாருக்கும் முந்தியவர் ஆகிவிடக் கூடாதே என்று இரண்டையும் ஒரே கட்டுரையில், ஒரே நாளில் அச்சேற்றினார்.

நாத்தனார் தன் வண்டின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கீழே பித்தளைத் தகட்டில் பெயரையும் பொறித்து ஹாலில் மாட்டினார். வீட்டுக்கு வந்தவர்களை அதன் கீழே நிறுத்தி, "இது நான்" என்று அறிமுகம் செய்வார். என்ன சாப்பிடும் என்று அவர் கேட்டபோது, "சுத்த சைவம் அண்ணி. புல்லுதான். என்ன, கொஞ்சம் செரிச்ச புல்லு" என்று மேடம் உண்மையைத்தான் சொன்னார். நாத்தனார் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. ஓரகத்தியோ, "அப்படியாக்கா? சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

வருஷங்கள் கழித்து இப்போது வந்தது வினை. எதிர் அறையில் மரபணு ஆய்வு செய்யும் சக ஊழியர் ஒருவர் இருக்கிறார். நாள் முழுக்கச் சின்னக் குழாய்களில் சொட்டுச் சொட்டாக ஏதோ விட்டுக்கொண்டிருப்பதால் மேடம் அவருக்கு வைத்த பெயர் சொட்டு. புதிதாகப் பிடித்து வந்த கொம்புள்ளதிலும் கொம்பில்லாததிலும் ஆளுக்கொரு காலை எடுத்து அரைத்துப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"மேடம், ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லை."

"கை மாத்தி ஊத்தியிருப்பீங்க."

"மறுபடியும் பண்ணிட்டேன் மேடம். அதே பதில்தான்."

"அப்ப உங்க மெஷினுக்குத்தான் கொம்பு முளைச்சிருக்கு" என்று அவரை விரட்டிவிட்டு, மேடம் கதவைச் சாத்திக்கொண்டார். பழைய கடன் வண்டை மறுபடி வரவழைத்தார். இந்த முறை திறந்து பார்க்க அனுமதியும் வாங்கினார். வெதுவெதுப்பான நீரில் அதை ஊறவைத்து, நுண்ணோக்கியின் கீழே ஊசி நுனியால் வயிற்றை மெல்ல விலக்கினார். ஆணுக்கு இருக்க வேண்டியது அங்கே இல்லை. கொம்பில்லாதது வேறு இனமே அல்ல, கொம்புள்ளதன் பெண்டாட்டி. புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து இரண்டு குடும்பமாக எழுதிவைத்திருக்கிறார் இத்தனை வருஷமும், ஃப்ரிட்ஜில் உருளைக்கிழங்கைப் பிரிக்க மாட்டேன் என்றவர்! மேடத்துக்கு நிஜமாகவே கண்ணில் நீர் வந்துவிட்டது.

"யாருக்கும் சொல்லாம விட்டுடேன்" என்றார் கணவர்.

"வண்டுக்குத் தெரியுமே."

"வண்டு வந்து கேக்கவா போகுது?"

"நான் கேப்பேனே" என்றார் மேடம்.

ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் இருக்க முடியாது. எது முந்தியதோ அது நிற்கும், பிந்தியது போகும். இங்கேயோ இரண்டும் ஒரே கட்டுரை, ஒரே நாள். மேடத்தின் பாரபட்சமின்மை மேடத்தின் காலையே வாரிவிட்டது. இப்படிப்பட்ட இக்கட்டுக்கும் அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று முதலில் அச்சில் சொல்கிறவர் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அதுவே நிற்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிற்பாடு எவர் வந்தாலும் மாற்றவும் முடியாது.

"நான் வேணா எழுதிடறேன் மேடம்" என்றார் சொட்டு, உதவும் எண்ணத்தோடுதான். "காசைச் சுண்டிப் போட்டு ஒரு பேரை எடுத்துக்கலாம். உங்க மேல பழி வராது."

"என் வீட்டுப் பொம்பளைங்க பேருக்கு நீங்க காசு சுண்டுவீங்களா?" என்று மேடம் எழுந்த வேகத்தில் அவர் தம் அறைக்கே போய்விட்டார்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்று கணவர் சொல்ல, "எறும்பு என் டிபார்ட்மெண்ட் இல்லை" என்று எரிந்து விழுந்துவிட்டு எழுத உட்கார்ந்தார். யோசித்துப் பார்த்தால் முடிவு சுலபமாகத்தான் இருந்தது. முழுசான, பழுதில்லாத வண்டு எந்தப் பெயருக்கு இருக்கிறதோ அந்தப் பெயரை எடுப்பது வழக்கம். கொம்புள்ளது முழுசு. கொம்பில்லாதது கடன் வாங்கியது, போதாக்குறைக்குக் கால் வேறு ஊனம். ஆக, நாத்தனார் பெயர் நிற்கும். தவிர, நாத்தனார் பெயரை நீக்கினால் தெருவே கூடிவிடும். ஓரகத்தி ஒன்றும் சொல்ல மாட்டாள், அவளுக்கு இதெல்லாம் ஞாபகமே இருக்காது. இந்தக் கடைசிக் காரணத்தை மேடம் கட்டுரையில் எழுதவில்லை, ஆனால் பேனாவை ஓட்டியது அதுதான்.

அனுப்புகிற அன்று பார்த்துக் கீழ்வீட்டில் இணைய இணைப்பு போயிருந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். ஓரகத்தி பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"கீழே நெட் இல்லம்மா. உன் வைஃபை பாஸ்வேர்ட் சொல்லு, ஒண்ணே ஒண்ணு அனுப்பிட்டுப் போயிடறேன்."

ஓரகத்தி சட்டைக் காலரிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுத்தெழுத்தாகச் சொன்னார். மேடம் தட்டினார். பாதியில் விரல் நின்றுவிட்டது. அது அந்த வண்டின் பேரினப் பெயர். அடுத்து ஒரு அடிக்கோடு. அதற்கு அடுத்து ஓரகத்தியின் பெயரில் இவர் வைத்த சிற்றினப் பெயர், லத்தீன் வால் உட்பட, ஒரு பிழை இல்லாமல்.

"முதல் எழுத்து மட்டும்தான் பெருசுக்கா. ரெண்டாவது வார்த்தை சின்ன எழுத்துலதான் தொடங்கணும். அதானே முறை?"

"ஆமா, அதான் முறை" என்றார் மேடம். அதை அவர் இந்த வீட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. "இதை எப்ப வெச்சே?"

"நீங்க பேர் வெச்ச வருஷமே. பேங்குக்கும் இதான், ஸ்கூல் ஆப்புக்கும் இதான். என் பேர்லதான் வெச்சிருக்கேன்னு அவர்கிட்ட சொன்னேன். நல்லது, உன் பேரை யாரும் யோசிச்சுப் பாக்க மாட்டாங்க, திருட்டுப் போகாதுன்னார்." சொல்லிவிட்டு ஓரகத்தி தானே சிரித்தார்.

மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மறைக்கவும் தெரியவில்லை. இரண்டு வண்டும் ஒன்று, ஒரு பெயர்தான் நிற்கும், மற்றது போய்விடும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். எது போகும் என்று மட்டும் சொல்லவில்லை. ஓரகத்தி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அண்ணி பேரே இருக்கட்டும்கா. அவங்க ஹால்ல மாட்டியிருக்காங்க, பாவம். நான் எங்கே மாட்டினேன்?" அடுத்த சட்டையை எடுத்து உதறிவிட்டு, சற்றுத் தயங்கிக் கேட்டார்: "அப்ப பாஸ்வேர்டை மாத்திடணுமாக்கா? இல்ல, போன பேரை வெச்சுக்கலாமா?"

வண்டின் காலில் உள்ள முடியை எண்ணுகிற மேடம், தன் தலைக்கு மேலே ஒரு மாடி தள்ளி இருந்ததைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த இஸ்திரி மேசையின் ஓரத்திலேயே மடிக்கணினியை வைத்துக் கட்டுரையைத் திறந்தார். முழுசான வண்டு என்ற காரணத்தை அழித்தார். நிற்கும் பெயர், போகும் பெயர் இரண்டையும் இடம் மாற்றினார். காரணம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்ற விதியை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, அனுப்பிவிட்டார்.

"பாஸ்வேர்டை மாத்தாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

கட்டுரை அச்சில் வந்த பிறகுதான் கணவரிடம் மெல்லப் பேச்சை எடுத்தார். அவர் முதலில் கேட்டது: "அக்கா வீட்டு ஹால்ல மாட்டியிருக்கற படம்?"

"படம் சரியாத்தான் இருக்கு. அதே வண்டுதான். கீழே இருக்கற பித்தளைத் தகட்டைத்தான் மாத்தணும்."

"யார் பேருக்கு?"

மேடம் விரலால் மாடியைக் காட்டினார். கணவர் சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து மேசை மேல் வைத்தார். ஆட்டம் முடிந்தால் அவர் செய்கிற வேலை அது.

வேறு யாரோ சொல்லி நாத்தனார் காதுக்குப் போவதைவிடத் தானே போய்ச் சொல்வதுதான் நியாயம் என்று ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பினார்கள். தெருமுனையிலேயே கணவர் வண்டியை நிறுத்தினார். "நான் இங்கேயே இருக்கேன். இன்ஜினை அணைக்கல" என்றார். மேடம் தனியாக நடந்து போய்ப் படியேறி, அழைப்பு மணியை அழுத்தினார். உள்ளே நாலைந்து பேர் பேசுகிற சத்தம்.

"யாரு? ஏம்மா, நீயா!" சன்னல் வழியே நாத்தனாரின் குரல் குதூகலமாக வந்தது. "நல்ல நேரத்துல வந்தே! சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. என் வண்டைப் பத்தித்தான் சொல்லிட்டிருக்கேன். வா வா, நீயே வந்து சொல்லு!"

தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது. செருப்பைக் கழற்றக் குனிந்த வண்டு மேடம், கழற்றாமல், வார்ப்பட்டையை இன்னும் ஒரு துளை உள்ளே தள்ளி இறுக்கிக்கொண்டார்.